மட்டக்களப்பு மெதடிஸ்த திருச்சபை

சோழநாட்டுக் கடற்கரையிலே காரைக்காலும் நாகப்பட்டினமும் அமைந்துள்ளமை போல, ஈழநாட்டின் கீழைக் கடற்கரையிலே அமைந்த பழந்தமிழ் ஊர் மட்டக்களப்பு ஆகும். அங்கே உப்பங்கழி ஒன்று கடலினின்றும் நிலத்தினுள்ளே புகுந்து நெடுந்தொலைவு பரந்து கிடக்கின்றது. அதனை அவ்வூரார் வாவி என்று வழங்குவர். நிலவு காயும் இரவுகளில் அவ்வாவியின் அடியிலிருந்து இன்னொலி எழும் என்று அவர்கள் கூறுவர். அதுபற்றியே 'மீன் பாடும் தேனாடு' என்னும் பெயரும் அந்நாட்டிற்கு வாய்த்தது. வாவியின் நடுவே புளியந்தீவு என்னும் சிறு தீவு உள்ளது. போர்த்துக்கீசியர் தொடங்கி, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை அத்தீவிலே இன்றும் நிற்கின்றது. இந்நகரில் மெதடிஸ்த திருச்சபை வேரூன்றிய வரலாறு, ஒருவர் எட்டுத் திங்கள் ஆற்றிய தொண்டிலிருந்து தொடங்குகின்றது.

மெதடிஸ்தர் என்போர் யாவர்? இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி (1703–1791) என்னும் பெரியார் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் இருந்த காலத்தில், நண்பர் சிலருடன் கூடி, வழிபாடு, படிப்பு, ஏழைகளுக்கும் சிறையிலிருப்போர்க்கும் உதவுதல் ஆகியவற்றை ஓர் ஒழுங்குமுறையுடன் செய்து வந்தார். ஆங்கிலத்தில் 'மெதட்' என்பது முறையைக் குறிக்கும் சொல். எதற்கும் முறை பார்ப்பவர் என்று பிறர் எள்ளி இட்ட பெயரே மெதடிஸ்தர் என்பது. எள்ளல் மொழி நாளடைவில் ஏற்ற பெயராயிற்று. வெஸ்லி கோவிலின் நான்கு சுவர்களுள் அடங்கி நில்லாமல், வெட்டவெளியிலே சுரங்கத் தொழிலாளர் முதலிய எளிய மக்களிடம் சென்று பேசினார்.

வெஸ்லியின் மாணாக்கருள் ஒருவர் தாமஸ் கோக். ஆசிய நாடுகளுக்குத் தொண்டர்களை அழைத்துச் செல்ல வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் வேட்கை. செலவிற்குப் பொருளில்லை என்று சபையார் தயங்கியபோது, தம் சொந்தப் பொருளையே தருவதாகக் கூறி அவர்களை இணங்கச் செய்தார். 1813ஆம் ஆண்டின் இறுதியில், தமது அறுபத்தாறாம் வயதில், ஈழம் நோக்கிய தொண்டர் அறுவருடன் அவர் கப்பலேறினார். ஆனால் அவர் விரும்பிய நாட்டைக் காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. 1814 மே 3ஆம் நாள் காலையில் கப்பலின் அறையிலே அவர் உயிர் நீங்கிக் கிடக்கக் கண்டனர். அவருடல் கடலிலே அடக்கம் செய்யப்பட்டது.

தலைவரை இழந்த அறுவரும் பம்பாயில் இறங்கியபோது, அவர்கள் கையில் பொருளும் இல்லை, அறிந்தவரும் இல்லை. அவர்களது நிலையை உணர்ந்த வணிகர் ஒருவர் மனமுவந்து பொருளுதவி செய்தார். அதனைக் கொண்டு பயணத்தைத் தொடர்ந்தனர். ஐவர் 1814 ஜூன் 29இல் ஈழத்தின் தென்கோடியிலுள்ள காலி நகரை அடைந்தனர். மற்றொருவர் பின்னர் வந்து சேர்ந்தார். இன்னார் இன்ன ஊருக்குச் செல்வது என்று அவர்கள் கலந்து முடிவு செய்தனர். காலிக்கும் மாத்தறைக்கும் செல்வோர் சிங்களம் கற்க வேண்டும். யாழ்ப்பாணத்திற்கும் மட்டக்களப்பிற்கும் செல்வோர் தமிழ் கற்க வேண்டும். யாழ்ப்பாணம் இருவர்க்கு ஆயிற்று. மட்டக்களப்பிற்குத் தனியே சென்றவர் வில்லியம் ஓல்ட் என்பவர்.

ஓல்டின் தனிமை பெரிது. அவருடன் புறப்பட்ட மனைவியார் கடற்பயணத்திலேயே இறந்துபோயினார். ஊர் புதிது, மொழி புதிது, தட்பவெப்பமும் புதிது. எனினும் அவர் துயரத்தில் ஆழ்ந்து சோர்ந்திருக்கவில்லை. மக்களின் மொழியை அறியாதார் மக்களின் உள்ளத்தை அடைதல் இயலாது என்பதை உணர்ந்து தமிழ் பயிலத் தொடங்கினார். சிறுவர்க்குக் கல்வி அளிப்பதே நிலைத்த பணியாகும் என்று கருதி, சுற்றுப்புறங்களில் பள்ளிகளை நிறுவினார். எட்டுத் திங்களுக்குள் எட்டுப் பள்ளிகள் எழுந்தன. நோய் அவரை நெடுநாள் விட்டுவைக்கவில்லை. 1815 ஏப்ரல் 1ஆம் நாள் அவர் மட்டக்களப்பிலேயே மறைந்தார்.

ஒருவர் மறைந்ததும் அவர் பணியும் மறைந்ததா? இல்லை. பின்வந்த தொண்டர்கள் அதனை ஏற்று வளர்த்தனர். 1814ஐயே தன் தோற்ற ஆண்டாகக் கொள்ளும் மெதடிஸ்த மத்திய கல்லூரி, 2014இல் இருநூறாண்டு நிறைவெய்தியது. பெண்கல்வி அரிதாயிருந்த காலத்தில், 1820இல், தோன்றியது வின்சென்ட் மகளிர் பள்ளி. இவ்விரண்டும் இன்றும் அந்நகரில் விளங்குகின்றன. வாவிக்கரையிலே ஓல்டின் உருவச்சிலையும் நிற்கின்றது. ஈழத்து மெதடிஸ்த திருச்சபை 1964இல் இங்கிலாந்துச் சபையினின்றும் பிரிந்து தன்னாட்சி பெற்றது.

ஈழத்தில் மூண்ட இவ்விளக்கு நம் கரைக்கும் ஒளி தந்தது. யாழ்ப்பாணத்திற்குச் சென்ற இருவருள் ஒருவராகிய ஜேம்ஸ் லிஞ்ச் 1817இல் சென்னைக்கு வந்தார். பின்னர் நாகப்பட்டினம், மன்னார்குடி முதலிய காவிரி நாட்டு ஊர்களிலும் மெதடிஸ்தர் கோவில்களும் பள்ளிகளும் அமைத்தனர். அக்கோவில்கள் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தன.

தம் சமயத்தைப் பரப்புதலே அத்தொண்டர்களின் முதல் நோக்கம் என்பது மறைக்கத்தக்கதன்று. மட்டக்களப்பு நாட்டுச் சைவப் பெருமக்களோ தம் சமயத்தைக் கைவிடாமலே கல்வியை மட்டும் உவந்து ஏற்றனர். காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகள் இளமையில் கல்முனை மெதடிஸ்தப் பள்ளியிலே பயின்றவர். பின்னாளில் அவர் இராமகிருஷ்ண சங்கத் துறவியானார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தார். பண்டைத் தமிழிசையை ஆராய்ந்து அவர் இயற்றிய 'யாழ் நூல்' 1947இல் அரங்கேறியது காவிரி நாட்டுத் திருக்கொள்ளம்பூதூரிலேயாகும்.

வித்தை விதைத்தவர் நினைத்த விளைவு ஒன்று, விளைந்தவை பல. ஓல்ட் தமிழைக் கற்று முடிக்கவும் காலம் பெற்றிலர். ஆயினும் கல்வி என்னும் வித்து, தன்னை இட்டவருடைய வாழ்நாளின் அளவினதாய் நின்றுவிடாது. நிலத்தின் வளத்திற்கேற்பத் தலைமுறை தலைமுறையாகப் பயன் தரும். எட்டுத் திங்கள் தொண்டு இருநூறு ஆண்டுகளைக் கடந்து வாழ்வது இதற்குச் சான்றாகும்.