பைக்கும் கேமராவும் இருந்தா போதுமா? வண்டி வ்லாகர்களின் புகழும் நம்பகத்தன்மையும் எவ்வளவு நாள் தாங்கும்?

கோவை அவிநாசி சாலையில் உள்ள எந்த ஷோரூமுக்குள் இன்று நுழைந்தாலும் ஒரு காட்சியைப் பார்க்கலாம். விற்பனைப் பிரதிநிதி மைலேஜ், ஏர்பேக் என்று ஆரம்பிப்பதற்குள், கார் வாங்க வந்தவர் குறுக்கே புகுந்து, "அதெல்லாம் யூடியூப்ல பார்த்துட்டேனுங்க, ஆன்-ரோடு விலை மட்டும் சொல்லுங்க" என்பார். பத்து லட்சம், பதினைந்து லட்சம் ரூபாய் போடப்போகும் முடிவு, வீட்டில் சோபாவில் உட்கார்ந்து ஒரு வ்லாகரின் வீடியோவைப் பார்க்கும்போதே பாதி எடுக்கப்பட்டுவிடுகிறது.

அந்த வ்லாகரை எதற்காக நம்புகிறோம்? அவர் நம்மைப் போன்ற ஆள், மனசில் பட்டதைச் சொல்கிறார் என்பதற்காக. ஆனால் சேனல் ஆயிரம் பேரிலிருந்து பத்து லட்சம் பேருக்கு வளர்ந்த பிறகும் அவர் அதே ஆளாக இருக்க முடியுமா? தமிழகத்தில் இந்தக் கேள்விக்கு அதிகம் பேசப்பட்ட உதாரணம் கொங்கு மண்ணிலிருந்துதான் வந்தது.

வண்டி மோகம் இங்கே புதுசா?

இல்லை. ஜி.டி.நாயுடு 1920-ல் ஒரு பஸ்ஸை வாங்கி பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டித் தொழிலைத் தொடங்கிய ஊர் இது. இந்திய ரேஸிங் காரை உள்ளூரிலேயே வடிவமைத்த எஸ்.கரிவரதன், 2005-ல் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் இருவருமே கோவைக்காரர்கள். 1995-ல் விமான விபத்தில் இறந்த கரிவரதனின் பெயரைத் தாங்கிய ரேஸ் டிராக் இன்றும் செட்டிபாளையத்தில் இயங்குகிறது.

லேத் பட்டறை, ஃபவுண்டரி, உதிரிபாகத் தொழிற்சாலை எல்லாம் நிறைந்த ஊர் என்பதால் வண்டியைக் கழற்றி மாட்டத் தெரிந்தவர்களுக்கு இங்கே தனி மரியாதை உண்டு. கைக்கு எட்டும் தூரத்தில் வால்பாறை, கோத்தகிரி, ஊட்டி மலைப்பாதைகளும் இருக்கின்றன. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு மட்டும் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஹெல்மெட்டில் கேமராவைப் பொருத்தி வீடியோ எடுக்கும் கலாசாரம் வந்தபோது, கொங்கு இளைஞர்களுக்கு ரோடும் ரெடி, ரசிகர்களும் ரெடி.

டிடிஎஃப் வாசன்: நடந்தது என்ன?

கோவை மாவட்டம் காரமடை வட்டாரத்தைச் சேர்ந்த வாசன், 'ட்வின் த்ராட்லர்ஸ்' என்ற யூடியூப் சேனல் மூலம் டிடிஎஃப் வாசன் ஆனார். நீண்ட பைக் பயணங்கள், ஊர்க்காரப் பையனின் இயல்பான பேச்சு, வழியில் பார்ப்பவர்களிடம் உரிமையோடு பழகுவது, இவைதான் அவரை வளர்த்தன. சினிமாப் பின்னணி எதுவும் இல்லாத ஒருவரின் சேனல் 40 லட்சம் சந்தாதாரர்களைத் தாண்டியது. பிறகு நடந்தவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

செப்டம்பர் 2022: யூடியூபர் ஜி.பி.முத்துவைப் பின்னால் உட்கார வைத்து கோவையில் அதிவேகமாக பைக் ஓட்டிய வீடியோ வெளியானது. பின்னால் இருந்தவர் ஹெல்மெட் அணியவில்லை. போத்தனூர் போலீஸார் வழக்குப் பதிந்தனர். வாசன் மதுக்கரை நீதிமன்றத்தில் சரணடைந்து ஜாமீன் பெற்றார்.

செப்டம்பர் 17, 2023: சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில், காஞ்சிபுரம் அருகே முன்சக்கரத்தைத் தூக்கி வீலிங் செய்ய முயன்றபோது பைக் கட்டுப்பாட்டை இழந்தது. கை எலும்பு முறிவுடன் உயிர் தப்பினார். இரண்டு நாளில் கைது செய்யப்பட்டார்.

அக்டோபர் 2023: ஜாமீன் மனுவைத் தள்ளுபடி செய்த சென்னை உயர் நீதிமன்றம், பைக்கை எரித்துவிட்டு யூடியூப் சேனலை மூட வேண்டும் என்று கடுமையாகக் கருத்து தெரிவித்தது. விலை உயர்ந்த பாதுகாப்பு உடையால் அவர் தப்பினார், அதைப் பார்த்து ஓட்டும் சிறுவர்களின் கதி என்ன என்பதே நீதிமன்றத்தின் கவலை. அதே மாதம் அவரது ஓட்டுநர் உரிமம் 10 ஆண்டுகளுக்கு, அதாவது அக்டோபர் 2033 வரை, ரத்து செய்யப்பட்டது. சுமார் ஒன்றரை மாதம் சிறையில் இருந்த பிறகு நவம்பர் தொடக்கத்தில் ஜாமீன் கிடைத்தது.

மே 2024: செல்போனில் பேசியபடி கார் ஓட்டிய வீடியோவுக்காக மதுரை அண்ணாநகர் போலீஸார் கைது செய்தனர். மீண்டும் ஜாமீன்.

இத்தனைக்குப் பிறகும் ரசிகர்கள் விலகவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். நீதிமன்ற வாசல்களில் அவரைப் பார்க்க இளைஞர்கள் கூடினார்கள். "எங்க அண்ணன் மாறவே இல்லை" என்ற தொனிதான் ஆதரவுப் பதிவுகளில் தெரிந்தது. ஒரு வகையில் அது சரியும்கூட. அவர் மாறவில்லை. வேகம்தான் அவருடைய 'உண்மை' என்றால், அந்த உண்மையில் அவர் உறுதியாகவே இருந்தார். சிக்கலும் அங்கேதான்.

ஏன் வ்லாகரை 'அண்ணன்' என்கிறோம்?

டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், டிவி பரவிக்கொண்டிருந்த 1956-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். திரையில் தோன்றுபவர் நேராக நம்மைப் பார்த்து, நண்பரைப் போலப் பேசும்போது, அவரை நமக்குத் தெரியும் என்ற உணர்வு வருகிறது. அவருக்கோ நாம் யாரென்றே தெரியாது. இந்த ஒருதலைப்பட்சமான நெருக்கம்தான் வ்லாகர்களின் முதலீடு.

டிவி நடிகரைவிட வ்லாகரிடம் இது இன்னும் பலமாக வேலை செய்யும். ஹெல்மெட் கேமராவில் தெரிவது அவர் முகம் அல்ல, அவர் பார்க்கும் ரோடு. பார்ப்பவர் அவருடன் போவதில்லை, அவராகவே போகிறார். அதனால்தான் அவர் மீதான விமர்சனம் தன் மீதான விமர்சனமாக ரசிகருக்குப் படுகிறது.

வேகம் ஏன் கூடிக்கிட்டே போகுது?

முதல் காரணம் யூடியூபின் கணக்கு. விளம்பர வருமானம் பெற ஒரு சேனலுக்கு 1,000 சந்தாதாரர்களும் 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் (அல்லது ஷார்ட்ஸில் 90 நாளில் ஒரு கோடி பார்வைகள்). அதன் பிறகு வழக்கமான வீடியோக்களின் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் படைப்பாளிக்கு. பார்வை குறைந்தால் அடுத்த மாத வருமானமும் குறையும். மாதச் சம்பளம் கிடையாது, பிஎஃப் கிடையாது.

இரண்டாவது காரணம் பழக்கம். முதல் தடவை 100 கி.மீ. வேகம் சிலிர்ப்பு. பத்தாவது தடவை அதே வேகம் சாதாரணம். 200 சிசி பைக்கில் தொடங்கியவர் சூப்பர் பைக்குக்குப் போக வேண்டியிருக்கிறது. கார் வ்லாகராக இருந்தால் ஒரு காரை மாற்றி இன்னொன்று வாங்க வேண்டும், இல்லையென்றால் இருப்பதை வெட்டி ஒட்ட வேண்டும்.

இது எங்கே போய் முடியும் என்பதற்கு வெளியூர் உதாரணங்களும் இருக்கின்றன. டேராடூனைச் சேர்ந்த யூடியூபர் அகஸ்தய் சௌஹான், மே 2023-ல் யமுனா எக்ஸ்பிரஸ்வேயில் மணிக்கு 300 கி.மீ. வேகத்தைத் தொட முயன்றபோது விபத்தில் உயிரிழந்தார். கேரளாவில் 'இ-புல் ஜெட்' சகோதரர்கள் விதிமீறி மாற்றியமைத்த வேன் தொடர்பான பிரச்னையில் ஆகஸ்ட் 2021-ல் கண்ணூரில் கைதானார்கள். ஆலப்புழாவில் காருக்குள்ளேயே நீச்சல் குளம் அமைத்து நடுரோட்டில் ஓட்டிய சஞ்சு டெக்கி மீது 2024-ல் மோட்டார் வாகனத் துறை நடவடிக்கை எடுத்தது.

இதையெல்லாம் வெறும் சேட்டை என்று ஒதுக்க முடியாது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் நாட்டிலேயே அதிக சாலை விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு. 64,105 விபத்துகளில் 17,884 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு நாடு முழுவதும் நடந்த சாலை விபத்து மரணங்களில் 70 சதவீதத்துக்கும் மேல் அதிவேகத்தால் நிகழ்ந்தவை.

கார் ரிவ்யூவர்களுக்கு வேற சிக்கல்

சாகசம் செய்யாமல், கார்களை மட்டும் அலசும் வ்லாகர்களுக்கு உயிராபத்து இல்லை. அவர்கள் பணயம் வைப்பது வாக்கை.

புதிய கார் வரும்போது நிறுவனங்கள் 'மீடியா டிரைவ்' நடத்துவது வழக்கம். விமான டிக்கெட், மலையோர ரிசார்ட், சில மணி நேரம் ஓட்ட ஒரு கார். குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட நேரத்தில் எல்லோரும் வீடியோ வெளியிடுவார்கள். முதல் நாளே வீடியோ போட்டால்தான் பார்வை வரும். முதல் நாளே போட அழைப்பு வேண்டும். காரை வறுத்தெடுத்துவிட்டு அடுத்த அழைப்பை எதிர்பார்ப்பது எந்த ரிவ்யூவருக்கும் தர்மசங்கடம்தான். யாரும் பொய் சொல்லத் தேவையில்லை. குறையை மென்மையாகச் சொல்லி, நிறையை அழுத்திச் சொன்னாலே போதும்.

இதற்குச் சட்டம் என்ன சொல்கிறது? விளம்பரத் தர நிர்ணய அமைப்பான ஆஸ்கி 2021-ல் இன்ஃப்ளூயன்சர்களுக்கான விதிமுறைகளை வெளியிட்டது. ஜனவரி 2023-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. பணம் மட்டுமல்ல, இலவசப் பொருள், தள்ளுபடி, பயணம், ஹோட்டல் தங்கல் எதைப் பெற்றிருந்தாலும் அதை எளிய மொழியில், தெளிவாகத் தெரியும்படி சொல்ல வேண்டும். வீடியோ என்றால் டிஸ்கிரிப்ஷனில் ஒளித்துவைக்கக் கூடாது. காட்சியிலும் ஒலியிலும் வர வேண்டும். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை.

நிலைச்சு நிற்பவர்கள் என்ன செய்கிறார்கள்?

அமெரிக்க கார் யூடியூபர் டக் டிமியூரோ பத்தாண்டுகளுக்கும் மேலாக ஒரே பாணியில் வீடியோ போடுகிறார். காரின் விசித்திரமான அம்சங்களைக் காட்டுவார், ஓட்டுவார், மதிப்பெண் போடுவார், அவ்வளவுதான். சாகசம் கூடவில்லை. 2020-ல் கார் ஏலத் தளம் ஒன்றைத் தொடங்கினார், 2023-ல் அதில் 3.7 கோடி டாலர் முதலீடு வந்தது. வியூஸ் மட்டுமே சோறு போட வேண்டும் என்ற நிலை மாறியதால், ஒவ்வொரு வீடியோவிலும் எல்லை தாண்டும் அழுத்தமும் இல்லை.

மார்க்வெஸ் பிரவுன்லீ இரண்டு பக்கத்துக்கும் உதாரணம். 2024 பிப்ரவரியில் ஃபிஸ்கர் ஓஷன் என்ற மின்சார காரை, தான் ரிவ்யூ செய்ததிலேயே மோசமான கார் என்று பகிரங்கமாகச் சொன்னார். நிறுவனம் ஜூனில் திவால் மனு கொடுத்தது. ஏற்கெனவே பணச் சிக்கலில் இருந்த நிறுவனம்தான் அது. ஆனால் அவருடைய நேர்மை அன்று பேசப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில், 35 மைல் வேகக் கட்டுப்பாடு உள்ள பகுதியில் லம்போர்கினியை 96 மைல் வேகத்தில் ஓட்டிய காட்சி அவருடைய ஸ்பான்சர் வீடியோவில் வெளியானது. அந்தப் பகுதியை வெட்டினார், தப்பை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்.

'டோனட் மீடியா' சேனலை 2021-ல் ஒரு நிறுவனம் வாங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் மக்கள் விரும்பிப் பார்த்த தொகுப்பாளர்கள் ஒவ்வொருவராக வெளியேற, ரசிகர்களும் அவர்களின் புதிய சேனல்களைத் தேடிப் போனார்கள். பிராண்டை விலைக்கு வாங்கலாம், நெருக்கத்தை வாங்க முடியாது.

பக்கத்து மாநிலத்தில் பைஜு என்.நாயர் இருக்கிறார். வாகனப் பத்திரிகையாளராகத் தொடங்கி, பிறகு யூடியூபில் மலையாளிகளின் விருப்பமான கார் ரிவ்யூவரானவர். வண்டியைப் பற்றிய அறிவு முதலில், கேமரா பிறகு என்ற வரிசை அவருக்குக் கைகொடுத்தது.

பார்வையாளர் எதைக் கவனிக்கணும்?

* 'ஸ்பான்சர்டு', 'பெய்டு' என்று தெளிவாகச் சொல்கிறாரா? சொல்பவரைச் சந்தேகிக்க வேண்டாம். சொல்லாமல் புகழ்பவரைத்தான் சந்தேகிக்க வேண்டும்.
* இந்தக் காரை யார் வாங்கக் கூடாது என்று ஒரு வரியாவது சொல்கிறாரா?
* கார் யாருடையது? நிறுவனம் கொடுத்ததா, டீலருடையதா, சொந்தக் காசில் வாங்கியதா?
* ஒரு வருடம், 20,000 கி.மீ. கழித்து அதே காரைப் பற்றி மறுபடி வீடியோ போட்டாரா? சர்வீஸ் செலவு, உதிரிபாகம் கிடைப்பது எல்லாம் அப்போதுதான் தெரியும்.
* பாதுகாப்பு பற்றிப் பேசும்போது பாரத் என்கேப் மதிப்பீட்டைக் காட்டுகிறாரா, கதவைத் தட்டிப் பார்த்து "பில்டு குவாலிட்டி சூப்பர்" என்கிறாரா?
* ஓட்டும்போது சீட் பெல்ட், ஹெல்மெட் இருக்கிறதா? ஸ்பீடோமீட்டரை எதற்காகக் காட்டுகிறார்?

கடைசியாக ஒன்று. எந்த வீடியோவும் டெஸ்ட் டிரைவுக்கு ஈடாகாது. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஒரு மேம்பாலம் ஏறி இறங்கினாலே பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

அப்போ, முடியுமா முடியாதா?

முடியும். ஆனால் எதற்கு உண்மையாக இருக்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. தன் சிலிர்ப்புக்கு உண்மையாக இருப்பவர், அதைத் தக்கவைக்க ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் வேகமாகப் போக வேண்டும். அந்த ரோடு எங்கோ ஓரிடத்தில் முடிந்துவிடும். வண்டிக்கும், அதை வாங்கப் போகிறவரின் பணத்துக்கும் உண்மையாக இருப்பவருக்கு அந்த அவசரம் இல்லை. வியூஸ் மெதுவாகத்தான் வரும், ஆனால் அடுத்த கார் வாங்கும்போதும் மக்கள் அவரைத் தேடி வருவார்கள்.

வேகம்தான் வேண்டும் என்பவர்களுக்குச் செட்டிபாளையத்தில் டிராக் இருக்கிறது. எதிரே லாரி வராது, ஸ்கூட்டியில் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப் போகும் அம்மா வரமாட்டார். மேட்டுப்பாளையம் ரோட்டில் இருவரும் வருவார்கள்.