வழுக்கவும் வேண்டும், வழுக்கவும் கூடாது

ஸ்பிளெண்டர் பைக்கின் பிஸ்டன் மேலிருந்து கீழே இறங்கும் தூரம் 49.5 மில்லிமீட்டர். இன்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடும்போது அது நொடிக்கு நூறு முறை இறங்கி நூறு முறை ஏறுகிறது. கணக்குப் போட்டால் சராசரி வேகம் மணிக்கு ஏறக்குறைய 36 கிலோமீட்டர். ஐந்து சென்டிமீட்டர்கூட இல்லாத இடத்துக்குள் இவ்வளவு ஓட்டம். பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே ஆயில் இல்லாவிட்டால் சில நிமிடங்களில் இன்ஜின் சீஸ் ஆகிவிடும். அதைத் தடுத்து நிற்கும் ஆயில் படலத்தின் கனம் சில மைக்ரான்தான், பல இடங்களில் அதற்கும் குறைவு.

இது கார் இன்ஜினுக்கும் பொருந்தும். பைக் ஆயிலின் பாடு இதற்கு மேலே தொடங்குகிறது. காரில் இன்ஜினுக்கு ஓர் ஆயில், கியர் பாக்ஸுக்கு வேறோர் ஆயில். கியரை நாமே மாற்றி ஓட்டும் கார்களில் கிளட்ச் பெரும்பாலும் ஆயிலே படாமல் உலர்ந்திருக்கும். இன்றைய பைக்குகள் பெரும்பாலானவற்றில் மூன்றும் ஒரே கூட்டுக்குள் இருக்கின்றன. (பழைய வார்ப்பிரும்பு புல்லட்டில் கியர் பாக்ஸ் தனி, அதற்கு ஆயிலும் தனி.) ஒரு லிட்டர் அளவே உள்ள ஆயில் பிஸ்டனைக் குளிர்வித்து, கியர் பற்களின் நசுக்கலைத் தாங்கி, கிளட்ச் பிளேட்டுகளையும் நனைத்துக்கொண்டு சுற்றிவருகிறது.

இங்கேதான் சிக்கல். பிஸ்டனுக்கு ஆயில் வழுக்க வேண்டும். கிளட்சுக்கு வழுக்கக் கூடாது. கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றினால்தான் இன்ஜினின் சக்தி சக்கரத்துக்குப் போகும். ஆயில் அளவுக்கு மீறி வழுக்கினால் ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்க இன்ஜின் சத்தம் ஏறும், வண்டி புல்லிங் எடுக்காது. 1990களில் கார்களின் எரிபொருள் செலவைக் குறைக்க, உராய்வைத் தணிக்கும் ரசாயனங்களைக் கார் ஆயிலில் கூடுதலாகச் சேர்க்கத் தொடங்கினார்கள். காருக்கு நன்மை செய்த அதே சேர்க்கை பைக் கிளட்சுக்குத் தொல்லையானது. உலகுக்கே பைக் செய்து விற்ற ஜப்பான் 1998இல் ஜாசோ என்ற தரநிலையை வகுத்தது. கிளட்ச் பிளேட்டுகளைச் சோதிக்க வேண்டிய ஆயிலிலேயே சுழலவிட்டு, அவை எவ்வளவு உறுதியாகப் பற்றுகின்றன, எவ்வளவு விரைவில் நிற்கின்றன என்று அளப்பது அதன் முக்கியச் சோதனை. பிடிப்பு நன்றாக இருந்தால் எம்.ஏ., குறைவாக இருந்தால் எம்.பி. பின்னர் எம்.ஏ.வையே இரண்டாகப் பிரித்தார்கள். பிடிப்பு அதிகமுள்ளது எம்.ஏ.2. கியர் இல்லாத ஸ்கூட்டரின் கிளட்ச் ஆயிலில் நனையாது என்பதால் அதற்கு எம்.பி. போதும். பைக்குக்குப் போதாது. டப்பாவின் முன்பக்கம் எவ்வளவு பெரிதாக 'ஃபுல்லி சிந்தெடிக்' என்று எழுதியிருந்தாலும், பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் இந்த இரண்டெழுத்தைத்தான் நான் முதலில் தேடச் சொல்வேன்.

அடுத்தது 10டபிள்யூ-30, 20டபிள்யூ-50 என்ற எண்கள். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும். 10டபிள்யூ ஆயிலை மைனஸ் 25 டிகிரியிலும், 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியிலும் சோதித்து, இன்ஜினைச் சுழற்றவிடும் அளவுக்கு இளகியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். லடாக்கின் குளிர்காலத்தில் இது உயிர்நாடி. சென்னையின் மார்கழியில் இந்த வேறுபாட்டுக்குப் பெரிய வேலையில்லை. நமக்கு முக்கியம் இரண்டாம் எண். 100 டிகிரி வெப்பத்தில் ஆயில் எவ்வளவு கெட்டியாக மிஞ்சுகிறது என்பதை அது சொல்கிறது. 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை, 40 என்றால் 16.3 வரை, 50 என்றால் 21.9 வரை. சாதாரண அறை வெப்பத்தில் தண்ணீரின் அளவு ஏறத்தாழ 1. கொதிநீர் வெப்பத்திலும் தண்ணீரைப் போலப் பத்து இருபது மடங்கு கெட்டியாக நின்றால்தான் படலம் கிழியாது. எந்த எண் என்பதை இன்ஜினை வடிவமைத்தவர்கள் உள்ளிருக்கும் இடைவெளிகளையும் பம்பின் திறனையும் பார்த்து முடிவு செய்திருக்கிறார்கள். 10டபிள்யூ-30 கேட்கும் வண்டிக்கு, வெயில் அதிகம் என்று 20டபிள்யூ-50 ஊற்றினால் இன்ஜினுக்கு வீண் சுமை, மைலேஜும் குறையும்.

சிந்தெடிக் என்ற பெயருக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்கள் இருக்கின்றன. எத்திலீன் வாயுவிலிருந்து படிப்படியாக மூலக்கூறுகளைக் கோத்துச் செய்வது ஒருவகை. அமிலத்தையும் ஆல்கஹாலையும் சேர்த்துச் செய்யும் எஸ்டர் இன்னொரு வகை. கச்சா எண்ணெயின் பகுதியையே ஹைட்ரஜனோடு அதிக அழுத்தத்தில் உடைத்து மறுவடிவம் கொடுப்பது மூன்றாவது. இந்த மூன்றாவதைச் சிந்தெடிக் என்று விளம்பரம் செய்யலாமா என்று அமெரிக்காவில் மொபிலும் காஸ்ட்ராலும் மோதிக்கொண்டன. செய்யலாம் என்று 1999இல் விளம்பரத் தகராறுகளைத் தீர்க்கும் அமைப்பு முடிவு சொன்னது. இன்று கடையில் கிடைக்கும் சிந்தெடிக்கில் பெரும்பகுதி இந்த வகைதான். அது மட்டமானதும் அல்ல.

சிந்தெடிக்கின் உண்மையான பலம் மூலக்கூறுகளின் ஒழுங்கில் இருக்கிறது. சாதாரண ஆயிலில் அளவும் வடிவமும் வேறுபட்ட மூலக்கூறுகள் கலந்து கிடக்கும். சூட்டில் சிறியவை ஆவியாகும், மெழுகுத்தன்மை உள்ளவை குளிரில் உறையும். சூட்டில் ஆயில் அதிகமாக நீர்த்துப்போகாமல் இருக்க நீண்ட பாலிமர் சங்கிலிகளைக் கலப்பார்கள். பைக்கில் அந்தச் சங்கிலிகள் கியர் பற்களுக்கு நடுவே சிக்கித் துண்டு துண்டாகின்றன. 20டபிள்யூ-50 ஆக ஊற்றிய ஆயில், ஓடி ஓடி 40க்கு இறங்கிவிடுவது இப்படித்தான். சிந்தெடிக் தன் இயல்பிலேயே சூட்டைத் தாங்குவதால் அதற்குப் பாலிமர் குறைவாகப் போதும்.

எனக்குத் தீராத வியப்பு தருவது ஆயிலில் நூற்றில் ஒரு பங்கு அளவே கலக்கும் ஒரு சேர்மம். துத்தநாகமும் பாஸ்பரஸும் கந்தகமும் அடங்கியது அது. கேம்ஷாஃப்ட் ராக்கரை அழுத்தும் இடத்தில் எந்த ஆயில் படலமும் முழுதாக நிற்காது, உலோகத்தை உலோகம் தொட்டுவிடும். தொட்ட இடத்தின் சூட்டிலும் அழுத்தத்திலும் இந்தச் சேர்மம் சிதைந்து, ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு மில்லிமீட்டர் கனத்தில் கண்ணாடி போன்ற பாஸ்பேட் பூச்சாகப் படிகிறது. அடுத்த உரசலில் தேய்வது அந்தப் பூச்சு. உடனே புதிது உருவாகிறது. காயம் படும் இடத்தில் மட்டும் தானே தோன்றும் கவசம்! பாஸ்பரஸ் காரின் புகை சுத்திகரிக்கும் கருவியைக் கெடுப்பதால், மெல்லிய கார் ஆயில்களில் அதை 0.08 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது. ஜாசோ தரமோ 0.08க்குக் குறையக் கூடாது, 0.12ஐத் தாண்டக் கூடாது என்கிறது. கார் ஆயிலை பைக்குக்கு ஊற்றக் கூடாது என்பதற்கு இது இன்னொரு காரணம்.

வண்டியின் கையேடு கேட்கும் எண், ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2, கையேட்டில் குறித்த ஏ.பி.ஐ. (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) தரம். இவை மூன்றும் பொருந்தினால் தினமும் அலுவலகம் போய்வரும் நூறு சி.சி. வண்டிக்குச் சாதாரண ஆயிலே தாராளம். மலையேற்றம், நெடும்பயணம், நெரிசலில் காற்றில்லாமல் கொதிக்கும் பெரிய ஏர்-கூல்டு இன்ஜின் என்றால் சிந்தெடிக்குக்குக் கொடுக்கும் கூடுதல் விலைக்குப் பலன் உண்டு. ஆனால் கடைத்தெரு வரை போய் அணைத்துவிடும் வண்டியில் இன்ஜின் முழுச்சூடு அடைவதே இல்லை. எரிதலில் பிறந்த நீராவியும் எரியாத பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கிவிடுகின்றன. அந்த வண்டி வருடத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருந்தாலும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சிந்தெடிக்காக இருந்தாலும், கையேட்டில் போட்டிருக்கும் மாதக் கணக்குப்படி ஆயிலை மாற்றியே ஆக வேண்டும்.