11 வருஷ போலோவுக்கு 1.2 லட்சத்துல சஸ்பென்ஷன்: போடலாமா, வேண்டாமா?

சரவணம்பட்டியில ஐடி வேலை பார்க்கிற ஒரு தம்பி, வருமான வரிக் கணக்கு விஷயமா ஆபீசுக்கு வந்திருந்தார். வேலை முடிஞ்சு கிளம்பும்போது, "அண்ணா, காருக்கு காயில்ஓவர் போடலாம்னு இருக்கேனுங்க. 1.2 லட்சம் ஆகும். பர்சனல் லோன் எடுக்கட்டுங்களா?"ன்னு கேட்டார்.

கார், 2014 மாடல் போலோ ஜிடி டிஎஸ்ஐ. இது இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் கிடையாது. ஆனா 105 குதிரைத்திறன் டர்போ இன்ஜினோட 2013-ல வந்த இந்த வண்டிதான், சம்பளக்காரங்க கைக்கு எட்டின ஸ்போர்ட்ஸ் கார். தம்பியோட அவசர கால நிதி வெறும் 40,000 ரூபாய். அதனால நான் முதல்ல கேட்டது லோனைப் பத்தி இல்ல. "இப்ப வண்டியில என்ன பிரச்சினை?"

"வால்பாறை ரோட்டுல வளைவுல திரும்பினா வண்டி ஆடுது, குழியில விழுந்தா டக்குனு சத்தம் வருது"ன்னார்.

முதல்ல, எது போச்சுன்னு பாருங்க

ஸ்பிரிங் வண்டி எடையைத் தாங்குது. ஷாக் அப்சார்பர் அந்த ஸ்பிரிங் ஆட்டத்தை அடக்குது. இரண்டும் வேற வேற வேலை. 10 வருஷம் தாண்டின வண்டியில ஸ்பிரிங் பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கும். ஷாக்ல எண்ணெய் கசியும். அதைவிட முக்கியமா ரப்பர் செத்துப் போகும்: லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மவுன்ட், லிங்க் ராடு. குழியில வர்ற 'டக்' சத்தம் பல நேரம் இதுங்கள்ல இருந்துதான். புஷ் போன வண்டிக்கு விலையுயர்ந்த காயில்ஓவர் போட்டாலும் அந்தச் சத்தம் போகாது.

இன்னொரு பக்கமும் இருக்கு. செலவுக்குப் பயந்து ஷாக்கை மாத்தாம ஓட்டுறதும் தப்பு. டயர் ரோட்டை விட்டு எழும்பினா பிரேக் பிடிக்காது. ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு இறங்கும்போது அதை ரிஸ்க் எடுக்கக் கூடாது.

மூணு வழி இருக்கு

1. கம்பெனி தரத்துக்குச் சமமான ஷாக். ஆபீஸ், அவினாசி ரோடு, வருஷத்துக்கு ரெண்டு மலைப் பயணம்னா இதுவே தாராளம்.

2. பெர்ஃபார்மன்ஸ் ஷாக். உதாரணமா பில்ஸ்டைன்ல பி6 வண்டியோட அசல் உயரத்துக்கு, பி8 உயரம் குறைச்ச ஸ்பிரிங்குக்கு. மாத்தி வாங்கினா காசு வீண்.

3. காயில்ஓவர். உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். செட்டிபாளையம் காரி மோட்டார் ஸ்பீட்வேல அடிக்கடி ஓட்டுறவங்களுக்கு அர்த்தம் இருக்கு. தினமும் வேகத்தடை ஏறி இறங்குறவங்களுக்கு முதுகு வலிதான் மிச்சம்.

நானே வேலைக்குச் சேர்ந்த புதுசுல பழைய ஷாக்கை வெச்சுக்கிட்டே ஸ்பிரிங்கை மட்டும் வெட்டி வண்டியை இறக்கினேன். ஒரு வருஷத்துக்குள்ள ரெண்டு ஷாக்கும் கசிஞ்சது, டயர் உள்பக்கம் தேஞ்சது. ஒரே வேலைக்கு ரெண்டு தடவை காசு கொடுத்தேன்.

இப்ப கணக்குக்கு வருவோம்

1.2 லட்சம் லோன், 15% வட்டி, 24 மாசம்னு வெச்சுக்குங்க. இஎம்ஐ சுமார் 5,820 ரூபாய். வட்டி மட்டும் ஏறக்குறைய 19,600. மொத்தம் 1,39,600.

தம்பி வண்டியோட 15 வருஷ ஆர்சி 2029-ல முடியும். அதுவரைக்கும் 4 வருஷம்னு பிரிச்சா, வருஷத்துக்கு சுமார் 34,900 ரூபாய்.

மெக்கானிக் வண்டியைத் தூக்கிப் பார்த்துட்டு கொடுத்த எஸ்டிமேட்: நாலு ஷாக், மவுன்ட், புஷ், கூலி, வீல் அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து 34,000. அதே 4 வருஷத்துக்கு, வருஷம் 8,500 ரூபாய். விலை கடைக்குக் கடை மாறும். கணக்குப் போடுற முறை மாறாது.

காயில்ஓவர் போட்டா விக்கும்போது கூட விலை கிடைக்கும்னு நம்பாதீங்க. சொந்த உபயோக கார் வரிச் சட்டப்படி மூலதனச் சொத்து இல்ல. அதனால நஷ்டத்துக்கு வித்தாலும் வரியில கழிக்க முடியாது.

ஒரு நல்ல சேதி: 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்களுக்கு ஜிஎஸ்டி 28%-ல இருந்து 18% ஆயிடுச்சு. பழைய எஸ்டிமேட் கையில இருந்தா புதுசா வாங்கிப் பாருங்க. பில் இல்லாம வாங்காதீங்க, வாரன்டி போயிடும்.

சட்டமும் இன்சூரன்ஸும்

தேஞ்ச ஷாக்குக்கு பதிலா அதே தரத்துல போடுறது ரிப்பேர். வண்டியை இறக்குறது மாற்றம்னு ஆகலாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு கம்பெனி அளவுக்கு மாறான மாற்றத்தைத் தடுக்குது. மீறினா 182ஏ பிரிவுப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்ல ஆறு மாசம் வரை சிறை, இல்ல ரெண்டுமே. தேய்மானத்துக்கு இன்சூரன்ஸ் கிடையாது. சொல்லாம செஞ்ச மாற்றம் விபத்து க்ளெய்ம்ல தகராறுக்கு வழி விடும்.

என்ன செஞ்சார்?

34,000-ஐயும் அவசர நிதியில இருந்து எடுக்க வேண்டாம்னு சொன்னேன். ஆபத்தான முன்பக்க வேலையை முதல்ல, ரெண்டு பக்கமும் ஜோடியா, அந்த மாசச் சம்பளத்துல செய்யச் சொன்னேன். பின்பக்க ஜோடி ரெண்டு மாசம் கழிச்சு. அதுவரைக்கும் மலை ஏற வேண்டாம். கட்ட நினைச்ச 5,820-ஐ ஆர்டி போட்டா, 24 மாசத்துல அசலே 1,39,680 ரூபாய்.

அப்பவும் காயில்ஓவர் ஆசை இருந்தா ரொக்கத்துல வாங்கட்டும், நான் தடுக்க மாட்டேன். ஆசைப்படுறது தப்பில்லைங்க. அந்த ஆசைக்கு வட்டி கட்டுறதுதான் தப்பு.