கிட்னிக்குக் கிட்னி: காசு கைமாறாத பண்டமாற்று

கணவனுக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுது. வாரம் மூன்று முறை டயாலிசிஸ். தன்னுடைய கிட்னி ஒன்றைத் தர மனைவி தயார். பரிசோதித்துப் பார்த்தால் கணவர் ஏ குரூப், மனைவி பி. சேராது என்று டாக்டர் சொல்லிவிடுகிறார். அதே ஊரில் இன்னொரு மருத்துவமனையில், பி குரூப் தங்கைக்குக் கிட்னி தர வந்த ஏ குரூப் அண்ணனையும் இப்படித்தான் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். மனைவியின் கிட்னி அந்தத் தங்கைக்கு, அண்ணனின் கிட்னி இந்தக் கணவனுக்கு என்று மாற்றிக்கொண்டால் இரண்டு பேர் பிழைத்துவிடுவார்கள். நம் குடும்பங்களில் பெண் கொடுத்துப் பெண் எடுப்பார்களே, அந்த ஏற்பாடுதான்.

இந்த யோசனையை ஃபெலிக்ஸ் ராப்பபோர்ட் என்ற மருத்துவர் 1986ஆம் ஆண்டே எழுதிவிட்டார். 1991இல் தென் கொரியாவில் செய்தும் காட்டினார்கள். இவ்வளவு எளிய விஷயத்துக்குப் பொருளாதார நிபுணர்களும் கணினி அறிவியலாளர்களும் எதற்கு என்று கேட்கலாம். இரண்டு ஜோடிகள் என்றால் யாரும் தேவையில்லை, ஒரு துண்டுக் காகிதம் போதும். பட்டியலில் 200 ஜோடிகள் இருந்தால், இருவர் இருவராகச் சேர்த்துப் பார்க்க 19,900 வழிகள் உண்டு. மூன்று ஜோடிகளைச் சுற்றில் விட்டால் 26 லட்சத்தைத் தாண்டும். அவற்றில் எந்தெந்தச் சுற்றுகளைத் தேர்ந்தெடுத்தால் மொத்தத்தில் அதிகம் பேருக்குக் கிட்னி கிடைக்கும்? ஒரு ஜோடியை அவசரப்பட்டு இன்னொன்றோடு சேர்த்துவிட்டால், அதனால் வேறு இரண்டு ஜோடிகளின் வாய்ப்பு கெட்டுப்போகலாம். இந்தக் கணக்கு மருத்துவப் படிப்பில் இல்லை.

விடை வேறொரு மூலையிலிருந்து வந்தது. 1974இல் லாயிட் ஷாப்லி, ஹெர்பர்ட் ஸ்கார்ஃப் என்ற இரு கணிதப் பொருளாதார அறிஞர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஆளுக்கொரு வீடு இருக்கிறது, பணம் கிடையாது, மாற்றிக்கொள்ள மட்டும் செய்யலாம். எப்படி மாற்றினால் யாருக்கும் குறையிருக்காது? கணித அறிஞர் டேவிட் கேல் சொன்ன வழியை அதில் விவரித்திருந்தார்கள். ஒவ்வொருவரும் தனக்கு மிகவும் பிடித்த வீட்டுக்காரரை நோக்கி விரலை நீட்ட வேண்டும். எல்லோரும் நீட்டினால் எங்காவது ஒரு வட்டம் உருவாகியே தீரும். வட்டத்தில் இருப்பவர்கள் மாற்றிக்கொண்டு வெளியேறலாம். மிச்சமிருப்பவர்கள் மறுபடியும் விரல் நீட்டலாம். எழுதிய காலத்தில் இது பேராசிரியர்களின் பொழுதுபோக்கு போலத்தான் இருந்தது. வீடுகள் பொதுவாக இப்படிக் கைமாறுவதில்லை.

முப்பது ஆண்டுகள் கழித்து, பொருளாதார அறிஞர்களான ஆல்வின் ராத், துருக்கியைச் சேர்ந்த தைஃபுன் சொன்மெஸ், உட்கு உன்வர் ஆகிய மூவரும் வீடு இருந்த இடத்தில் கிட்னியை வைத்தார்கள். நோயாளி கையோடு அழைத்து வரும் உறவினர்தான் அவருடைய ‘வீடு’. 2004இல் வெளிவந்த அவர்கள் கட்டுரையைப் படித்துவிட்டு முக்கியமான ஆள் ஒருவர் பேச வந்தார். பாஸ்டன் பகுதியைச் சேர்ந்த மாற்று அறுவை நிபுணர் பிரான்சிஸ் டெல்மோனிகோ. அந்த ஆண்டே நியூ இங்கிலாந்து மாநிலங்களுக்குப் பொதுவான கிட்னிப் பரிமாற்றத் திட்டம் பிறந்தது.

அறுவை மேசைக்குப் போனதும் கணிதம் கொஞ்சம் இறங்கிவர வேண்டியிருந்தது. நீளமான வட்டமெல்லாம் வேண்டாம், இரண்டு ஜோடிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றார்கள் மருத்துவர்கள். காரணம் நம்பிக்கை. இன்று என் மனைவி உங்கள் தங்கைக்குக் கொடுத்துவிட்டார், நாளை உங்கள் அண்ணன் மனம் மாறிவிட்டார் என்றால்? வழக்குப் போட்டு ஒருவருடைய உடலிலிருந்து கிட்னியை வாங்க எந்த நாட்டுச் சட்டத்திலும் இடமில்லை, இருக்கவும் கூடாது. அதனால் நான்கு பேரையும் ஒரே நேரத்தில் மயக்க ஊசி போட்டுப் படுக்கவைக்க வேண்டும். நான்கு அறுவை அரங்குகள், நான்கு குழுக்கள். மூன்று ஜோடிகள் என்றால் ஆறு.

ஆனால் இரண்டோடு நிறுத்தினால் இழப்பு பெரிது. ஓ குரூப் கிட்னி, ரத்தக் குரூப்பைப் பொறுத்தவரை, எல்லோருக்கும் பொருந்தும். ஓ குரூப் நோயாளிக்கோ ஓ மட்டும்தான் பொருந்தும். எனவே ஓ குரூப் கொடையாளர் பெரும்பாலும் தன் உறவினருக்கே நேராகக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார், பரிமாற்றப் பட்டியல் பக்கம் வரமாட்டார். பட்டியலில் தங்கிவிடுபவர்கள் ஓ நோயாளிகளும் ஏ, பி கொடையாளர்களும்தான். குரூப் பொருந்தியும் கிராஸ்மேட்ச் சோதனையில் தோற்பவர்கள் உண்டு. முன்பு ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், ஏற்கெனவே ஒருமுறை மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், குழந்தை பெற்ற பெண்கள் ஆகியோரின் ரத்தத்தில் அந்நியத் திசுவை எதிர்க்கும் பொருள்கள் உருவாகியிருக்கும். கணவனின் குழந்தையைச் சுமந்த காரணத்தாலேயே கணவனின் கிட்னியை மனைவியின் உடல் தள்ளிவிடலாம். அபூர்வமாகப் பட்டியலுக்கு வரும் ஓ கொடையாளரை வீணாக்காமல் சுற்றில் விட, மூன்று ஜோடி வட்டம் பெரிதும் உதவும் என்று அதே மூவர் 2007இல் காட்டினார்கள்.

இங்கே கணினிக்காரர்கள் உள்ளே வருகிறார்கள். இரண்டு இரண்டாகச் சேர்க்கும் கணக்குக்கு ஜாக் எட்மண்ட்ஸ் 1965இலேயே வேகமான வழி கண்டுபிடித்துவிட்டார். மூன்றை அனுமதித்த உடனே அது கணினி அறிவியலின் மிகக் கடினமான கணக்குகளின் வரிசையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஆபிரகாம், ஆவ்ரிம் பிளம், தூமாஸ் சாண்ட்ஹோல்ம் மூவரும் 2007இல் 10,000 ஜோடிகள் வரை கையாளும் நிரலை எழுதிக்காட்டினார்கள். ஒரு நாட்டுக்கே போதுமானது.

அதே 2007 ஜூலையில் ஓஹியோவைச் சேர்ந்த அறுவை நிபுணர் மைக்கேல் ரீஸ் நான்கு அரங்குச் சிக்கலையே அவிழ்த்துவிட்டார். யாருக்கென்று குறிப்பிடாமல் கிட்னி தர ஒருவர் முன்வந்தார். அவருடையது முதல் நோயாளிக்குப் போனது. அந்த நோயாளியின் உறவினர் பிறகு இரண்டாமவருக்குக் கொடுத்தார், இரண்டாமவரின் உறவினர் மூன்றாமவருக்கு. இப்படி எட்டு மாதங்களில் பத்து மாற்று அறுவைகள். ஒரே நேரத்தில் செய்ய வேண்டிய அவசியம் இதில் இல்லை. ஏனென்றால் இங்கே ஒவ்வொருவரும் முதலில் வாங்குகிறார்கள், பிறகே கொடுக்கிறார்கள். நடுவில் ஒருவர் கைவிட்டாலும் அடுத்தவருக்கு ஏமாற்றம் மட்டும்தான்; அவருடைய உறவினரின் கிட்னி அவரிடமே இருக்கும், வேறு சுற்றில் சேர்ந்துகொள்ளலாம். எனக்கு இந்த முழுக் கதையிலும் மிகவும் பிடித்த யோசனை இதுதான். மனிதர்கள் எல்லோரும் நல்லவர்கள் என்று நம்பவும் வேண்டியதில்லை, கெட்டவர்கள் என்று பயப்படவும் வேண்டியதில்லை.

2012இல் ராத்துக்கும் ஷாப்லிக்கும் பொருளாதார நோபல் கிடைத்தது. விரல் நீட்டும் வழியைச் சொன்ன கேல் 2008இலேயே இறந்துவிட்டார்.

நோபலோடு கதை சுபமாக முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 2019இல் நிகில் அகர்வால், இதாய் அஷ்லாகி முதலிய ஆய்வாளர்கள் ஐவர் அமெரிக்கப் பரிமாற்றங்களின் தரவுகளைக் குடைந்து பார்த்தார்கள். தேசிய அளவில் பொதுப் பட்டியல்கள் இருந்தும், பரிமாற்றங்களில் பெரும்பகுதி ஒரே மருத்துவமனைக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தது. எளிதில் சேரும் ஜோடிகளைத் தாங்களே வைத்துக்கொண்டு, சிக்கலான ஜோடிகளை மட்டும் பொதுப் பட்டியலுக்கு அனுப்பினார்கள் பலர். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் தன் நோயாளி முக்கியம், தன் கணக்கில் ஏறும் அறுவை முக்கியம். இதைச் சரிசெய்தால் பரிமாற்ற அறுவைகள் 30 முதல் 63 சதவீதம் வரை கூடும் என்பது அவர்கள் கண்ட முடிவு. புதிய மருந்தோ புதிய கருவியோ இல்லாமல், பட்டியலை ஒன்றாக்கினால் மட்டுமே கிடைக்கும் உயிர்கள் அவை. கடினமான கணக்கைக் கணினி போட்டுவிட்டது; சுலபமான காரியத்தை நிறுவனங்கள் செய்யவில்லை.

இவ்வளவு சுற்றுவானேன், விலைக்கு வாங்கிவிட்டால் என்ன என்று கேட்கும் பொருளாதார நிபுணர்களும் உண்டு. ஈரானில் அரசு ஒழுங்குபடுத்தும் கிட்னி விற்பனை நடக்கவே செய்கிறது. அந்தக் கேள்விக்குத் திருத்தமான பதில் ஒன்று சென்னையிலிருந்து வந்தது. மாதவ் கோயல் குழுவினர் 2001இல் சென்னையில் கிட்னி விற்ற 305 பேரைச் சந்தித்துப் பேசினார்கள். ஆய்வு 2002இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்தது. விற்றவர்களில் 96 சதவீதம் பேர் சொன்ன காரணம் கடன். விற்ற பிறகும் முக்கால்வாசிப் பேர் கடனில்தான் இருந்தார்கள். குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 86 சதவீதம் பேர் உடல்நிலை மோசமானதாகச் சொன்னார்கள். 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டம் விற்பனையைத் தடைசெய்து பல ஆண்டுகள் கழித்து எடுத்த ஆய்வு இது. 2025இல் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்களிடம் கிட்னி வாங்கப்பட்டதாக எழுந்த புகாரைப் படித்தபோது, அந்த ஆய்வின் அட்டவணைகள் பழையதாகவே தெரியவில்லை. பணம் புகுந்தால் கிட்னி ஏழையிடமிருந்து பணக்காரனுக்கு மட்டும்தான் போகும். பரிமாற்றத்தில் கொடுக்கிற குடும்பமே வாங்குகிற குடும்பமும்.

அந்த இந்தியச் சட்டத்தில் 2011ஆம் ஆண்டுத் திருத்தம் பரிமாற்றத்துக்குக் கதவைத் திறந்தது. இரண்டு பக்கமும் கொடையாளர் நெருங்கிய உறவாக இருந்தால், அதாவது கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரன் பேத்தி என்று இருந்தால், மாற்றிக்கொள்ளலாம். நமக்குச் சாதகமான ஓர் இயற்கைச் செய்தியும் உண்டு. அமெரிக்காவில் பி குரூப் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்குத்தான். இங்கே ஏறத்தாழ மூன்றில் ஒருவர். ஏ குரூப்பும் ஐந்தில் ஒருவருக்குக் குறையாது. ஏயும் பியும் எதிரெதிராக நிற்கும் ஜோடிகள்தான் மாற்றிக்கொள்ள மிகத் தோதானவை. அவை நம்மிடம் அதிகம். அகமதாபாத்தில் உள்ள சிறுநீரக நோய் ஆய்வு நிறுவனம் தன் நோயாளிகளை வைத்தே பல ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறது. ஒரே கூரை, ஒரே பட்டியல் என்பதுதான் அதன் பலம்.

மற்ற பல இடங்களில் பட்டியல் மருத்துவமனைக்கு மருத்துவமனை சிதறிக் கிடக்கிறது. அந்நியருக்குக் கிட்னி தர முன்வருபவரை நம் அனுமதிக் குழுக்கள் சந்தேகத்தோடுதான் பார்க்கும். நம் ஊர் வரலாற்றில் அதற்கு நியாயம் இருக்கிறது. ஆகவே ரீஸ் தொடங்கியதுபோன்ற சங்கிலி இங்கே எளிதில் தொடங்காது. ஆனால் இத்தாலியின் பதுவா நகரில் 2018இல் மூளைச்சாவு அடைந்த ஒருவரின் கிட்னியை வைத்தே சங்கிலியைத் தொடங்கினார்கள். மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புக் கொடையில் 2008 முதல் நாட்டுக்கே முன்னோடி தமிழ்நாடு. இங்கே அதை யோசிக்கலாம். ஒரு நிபந்தனை: தொடங்கிவைக்கும் கிட்னி ஓ குரூப்பாக இருந்தால், உறவினர் யாருமின்றிக் காத்திருக்கும் ஓ நோயாளியின் பங்கை அது பறித்துவிடக் கூடாது. சங்கிலியின் கடைசிக் கிட்னி காத்திருப்போர் பட்டியலுக்கே திரும்ப வேண்டும்.

மாநில அரசு செய்ய வேண்டியது, குரூப் சேராத எல்லா ஜோடிகளையும் பதிவுசெய்யும் ஒரே பட்டியல். தனியார், அரசு என்ற பேதம் இல்லாமல் எல்லா மருத்துவமனைகளும் அதில் சேர்வதைக் கட்டாயமாக்க வேண்டும், எளிய ஜோடிகளையும் சேர்த்து. உங்கள் வீட்டில் டயாலிசிஸில் யாராவது இருந்து, தர வந்த உறவினரைக் குரூப் சேரவில்லை என்று திருப்பி அனுப்பியிருந்தால், உங்கள் சிறுநீரக மருத்துவரிடம் ‘ஸ்வாப்’ எனப்படும் இந்தப் பரிமாற்றம் பற்றிக் கேளுங்கள். அந்த மருத்துவமனையில் தோதான ஜோடி இல்லை என்றால், வேறு மருத்துவமனைகளிலும் விசாரிக்கச் சொல்லுங்கள்.