பனித்தீவுக்கு முதலில் வந்த பறவை

வட அட்லாண்டிக் கடலில் உள்ள ஐஸ்லாந்து தீவில் ஆண்டுதோறும் மார்ச் மாதக் கடைசியில் ஒரு செய்தி தவறாமல் வெளியாகும். நாளிதழ், வானொலி, தொலைக்காட்சி எல்லாவற்றிலும் வரும். 'லோவா வந்துவிட்டது' என்பதுதான் அந்தச் செய்தி. பொன் உப்புக்கொத்தி என்னும் பறவைக்கு அந்நாட்டு மக்கள் வைத்திருக்கும் பெயர் லோவா. புறாவைவிடச் சற்றுச் சிறியது. முதுகில் பொன்னிறப் புள்ளிகள். இனப்பெருக்கக் காலத்தில் வயிறு கறுத்துவிடும். பனியைப் பாடி விரட்டும் பறவை என்பது அங்குள்ள பழைய நம்பிக்கை. முதல் பறவையைக் கண்டவர் பறவையியலாளராக இருக்கவேண்டும் என்பதில்லை. நாய்க்குட்டியுடன் நடக்கப் போனவராகவும் இருக்கலாம், பள்ளிக்கூடத்துப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

நான் உயர்நிலை வகுப்புகளுக்கு அறிவியல் கற்பிக்கிறேன். ஆறாம் வகுப்புத் தமிழில் 'சிறகின் ஓசை' பாடம் படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு வலசை என்ற சொல் நன்றாகத் தெரியும். பறவைகள் எங்கிருந்து எங்கே போகின்றன என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். எப்போது போகின்றன, அது எப்படித் தெரிந்தது, அந்த நாள் ஏன் மாறுகிறது என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். இந்தக் கேள்விகளை விளக்க நான் எடுத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டு ஐஸ்லாந்து. பறவை இனங்கள் குறைவு, பருவங்களின் எல்லை தெளிவு, குறிப்புகள் ஏராளம் என்பதால் பிள்ளைகளுக்கு எளிதில் பிடிபடுகிறது.

பனிக்காலத்தில் இருப்பவை

ஐஸ்லாந்தின் பரப்பு சுமார் 1,03,000 சதுர கி.மீ. தமிழ்நாட்டைவிடச் சிறியது. ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டி அமைந்திருக்கிறது. மற்ற நிலப்பகுதிகளிலிருந்து வெகுதொலைவில் இருப்பதால் அங்கே வழக்கமாகக் கூடுகட்டும் பறவை இனங்கள் ஏறத்தாழ 75 மட்டுமே.

பிப்ரவரியில் நிலமெங்கும் பனி கிடக்கும். அப்போதும் தீவை விட்டுப் போகாத பறவைகள் உண்டு. நம் அண்டங்காக்கையைவிடப் பெரிய ரேவன் காக்கை, குளிர்காலத்தில் உடல் முழுக்க வெண்ணிறமாகும் டார்மிகன் என்னும் கௌதாரி இனம், அதை வேட்டையாடும் பெரிய வல்லூறு, கடலோரத்தில் ஈடர் வாத்து ஆகியவை அவற்றுள் சில. தலைநகர் ரெய்க்யவிக்கின் நடுவில் உள்ள குளம் குளிர்காலத்தில் உறைந்துவிடும். ஒரு மூலையில் மட்டும் பூமியிலிருந்து கிடைக்கும் வெந்நீரை விட்டு உறையாமல் வைத்திருப்பார்கள். வாத்துகளும் அன்னங்களும் அங்கே கூடும். பிள்ளைகள் தீனி போடப் போவார்கள்.

வரவின் வரிசை

முதலில் தெற்கிலிருந்து திரும்புவது ஒரு கடற்காக இனம். பிப்ரவரிக் கடைசியிலும் மார்ச் தொடக்கத்திலும் அது தென்படும். மார்ச்சில் அன்னங்களும் வாத்துகளும் வருகின்றன. மார்ச் 20ஐ ஒட்டி லோவா வரும். அது அயர்லாந்து, பிரிட்டன், பிரான்ஸ், ஸ்பெயின் போன்ற நாடுகளில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வருகிறது. ஏப்ரலில் உள்ளான், கருவால் மூக்கன், பஃபின் எனக் கூட்டம் பெருகும். ஏப்ரல் இறுதியிலும் மே தொடக்கத்திலும் மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து சிறு கோட்டான் வந்து சேரும். ஆர்க்டிக் ஆலா வருவதும் இதே சமயத்தில்தான். கிரீன்லாந்திலும் ஐஸ்லாந்திலும் கூடுகட்டும் ஆலாக்களின் காலில் மிகச் சிறிய கருவியைப் பொருத்தி ஆராய்ந்தார்கள். 2010இல் வெளியான அந்த ஆய்வின்படி, அவை அண்டார்க்டிகா வரை சென்று திரும்ப ஆண்டுக்குச் சராசரியாக 70,000 கி.மீ.க்கு மேல் பறக்கின்றன.

ஐஸ்லாந்து மக்கள் ஏப்ரல் 18க்குப் பின் வரும் முதல் வியாழக்கிழமையைக் 'கோடையின் முதல் நாள்' என்று விடுமுறை விட்டுக் கொண்டாடுகிறார்கள். அன்றும் பனி பெய்வதுண்டு. வசந்தத்தில் திடீரென்று வீசும் குளிருக்கு ரேவன் காக்கையின் பெயரையும் சிறு கோட்டானின் பெயரையும் வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் மழைக்கும் வெயிலுக்கும் உழவர்கள் பெயர் வைத்திருப்பதைப் போன்றதுதான் இது.

நாள் எப்படித் தெரிகிறது?

"டீச்சர், அயர்லாந்துல இருக்கிற பறவைக்கு ஐஸ்லாந்துல பனி உருகிடுச்சுன்னு யார் சொல்வாங்க?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. யாரும் சொல்வதில்லை. பறவை கவனிப்பது பகலின் நீளத்தை. டிசம்பரில் ரெய்க்யவிக்கில் பகல் நான்கு மணி நேரம்தான். ஜூனில் அது இருபத்தொரு மணி நேரம். மார்ச் மாதத்தில் அங்கே ஒவ்வொரு நாளும் பகல் ஆறு, ஏழு நிமிடம் நீள்கிறது. அதே நாட்களில் நம் ஊரில் நீள்வது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. பகல் நீள்வதை உணரும் பறவையின் உடலில் இயக்குநீர்கள் சுரக்கின்றன. அது அதிகமாகத் தின்று கொழுப்பைச் சேமிக்கிறது. பிறகு சாதகமான காற்றுக்காகக் காத்திருந்து கிளம்புகிறது. பகலின் நீளம் ஆண்டுக்கு ஆண்டு மாறாது. அதனால்தான் வருகை நாளும் பெரிதும் மாறாமல் இருக்கிறது.

'முதல்' என்பதில் உள்ள சிக்கல்

அப்படியானால் வருகை நாள் முன்னே நகர்ந்தால் என்ன பொருள்? தெற்கு ஐஸ்லாந்தில் ஓரிடத்தில் 1988 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் பல பறவை இனங்களின் முதல் வரவு நாளைத் தொடர்ந்து குறித்து வந்தார்கள். சில இனங்கள் முன்கூட்டியே வரத் தொடங்கியிருப்பதை அந்தப் பட்டியல் காட்டியது. கருவால் மூக்கனின் வருகை ஏறத்தாழ இரண்டு வாரம் முன்னே நகர்ந்திருந்தது.

இங்கே மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்கலாம். 'முதலில் பார்த்த நாள்' என்பது 'முதலில் வந்த நாள்' ஆகுமா? பார்ப்பவர் எண்ணிக்கை கூடினால் முதல் பறவை சீக்கிரம் கண்ணில் படும். விடுமுறை நாளில் அதிகம் பேர் வெளியே போவார்கள். சிப்பி பிடிப்பான் என்னும் கரைப்பறவையில் ஒரு பகுதி குளிர்காலம் முழுவதும் ஐஸ்லாந்திலேயே தங்கிவிடுகிறது. அதில் ஒன்றைப் பிப்ரவரியில் கண்டுவிட்டு 'வந்துவிட்டது' என்று எழுதக்கூடாது. ஒரே இடத்தில், ஒரே முறையில், ஆண்டுதோறும் குறித்த பட்டியலுக்கு மதிப்பு கூடுவது இதனால்தான்.

வளையம் சொன்ன விடை

கருவால் மூக்கன் நீண்ட அலகும் நீண்ட காலும் கொண்ட சதுப்புநிலப் பறவை. ஐஸ்லாந்தில் கூடுகட்டும் துணையினம் பிரிட்டன், அயர்லாந்து, பிரான்ஸ், போர்ச்சுகல், ஸ்பெயின் நாடுகளில் குளிர்காலத்தைக் கழிக்கிறது. 1990களிலிருந்து ஆய்வாளர்கள் இவற்றின் கால்களில் வண்ண வளையங்களை மாட்டி வருகிறார்கள். ஒவ்வொரு பறவைக்கும் தனி வண்ண வரிசை இருக்கும். பல நாடுகளில் உள்ள பறவை ஆர்வலர்கள் தொலைநோக்கியில் அதைப் பார்த்து எழுதி அனுப்புகிறார்கள்.

பறவைக்கு வளையம் மாட்டும் முறையை ஒழுங்காகத் தொடங்கியவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்பது நமக்குப் பெருமை. டென்மார்க்கின் விபோர்க் நகர ஆசிரியர் ஹான்ஸ் கிறிஸ்டியன் மார்டென்சன் 1899இல், எண்ணும் முகவரியும் பொறித்த அலுமினிய வளையங்களை மைனா இனத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் பறவைகளின் கால்களில் மாட்டினார்.

வளையமிட்ட மூக்கன்கள் இரண்டு வியப்பான செய்திகளைத் தந்தன. ஒன்று: ஆணும் பெண்ணும் குளிர்காலத்தில் சராசரியாக ஆயிரம் கி.மீ. அளவு தள்ளி வாழ்ந்தாலும், வசந்தத்தில் சராசரியாக மூன்று நாள் இடைவெளிக்குள் ஐஸ்லாந்துக்கு வந்து சேர்கின்றன. இந்த ஆய்வு 2004இல் வெளியானது. இரண்டு: ஒவ்வொரு பறவையும் ஆண்டுதோறும் ஏறத்தாழ அதே நாளில்தான் வருகிறது. எந்தப் பறவையும் தன் நாளை முன்னே தள்ளவில்லை. இது 2014இல் வெளியான ஆய்வின் முடிவு.

ஒரு பறவையும் மாறவில்லை, ஆனால் மொத்தக் கூட்டமும் இரண்டு வாரம் முன்னதாக வருகிறது. இது எப்படி?

வருகைப் பதிவேட்டுக் கணக்கு

வகுப்பில் இதை நான் இப்படி விளக்குகிறேன். ஒரு பள்ளியில் பத்து ஆசிரியர்கள். பத்துப் பேரும் தினமும் 9.00 மணிக்கு வருபவர்கள். ஒவ்வோர் ஆண்டும் இருவர் ஓய்வு பெறுகிறார்கள். அந்த இடத்துக்கு வரும் இருவரும் 8.40க்கே வந்துவிடும் பழக்கம் உடையவர்கள். முதல் ஆண்டில் சராசரி வருகை நேரம் 8.56. அடுத்த ஆண்டு 8.52. ஐந்தாம் ஆண்டில் 8.40. பதிவேட்டின் சராசரியை மட்டும் பார்ப்பவர், 'இந்தப் பள்ளி ஆசிரியர்கள் திருந்திவிட்டார்கள்' என்பார். உண்மையில் யாரும் தம் பழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை, ஆட்கள்தான் மாறினார்கள்.

மூக்கன் கூட்டத்திலும் நடந்தது இதுவே. 1990களின் இறுதியில் பொரித்த பறவைகள் மே மாதத்தில் வந்தன. பின்னால் பொரித்தவற்றில் பல ஏப்ரலிலேயே வருகின்றன. ஆய்வாளர்கள் தரும் விளக்கம் இது: வசந்தம் வெப்பமாக அமைந்தால் கூடுகட்டுவது முந்துகிறது. முன்னதாகப் பொரித்த குஞ்சுக்கு வளரவும் நல்ல குளிர்கால இடம் பிடிக்கவும் கூடுதல் நாள் கிடைக்கிறது. அப்படி வளர்ந்த பறவை முன்னதாகத் திரும்பும் வழக்கத்தை அமைத்துக்கொண்டு வாழ்நாள் முழுவதும் அதைப் பின்பற்றுகிறது.

சிறு கோட்டான் போன்ற நெடுந்தொலைவுப் பறவைகளிடம் இந்த மாற்றம் மிகக் குறைவு. அவை வந்தவுடன் முட்டையிட வேண்டியிருப்பதால், கூடுகட்டுவதை முந்த இடமில்லை.

'தட்பவெப்பம் மாறினால் உயிர்கள் தம்மை மாற்றிக்கொள்ளும்' என்று ஒரே வரியில் நாம் கடந்துவிடுவதுண்டு. மாணவரும் அதை அப்படியே தேர்வில் எழுதிவிடுவார். கேட்பதற்கு ஆறுதலாக இருக்கும் அந்த வரியை மூக்கன் திருத்திக் காட்டுகிறது. வளர்ந்த பறவை மாறவில்லை. மாற்றத்தைக் கொண்டுவருவது அடுத்த தலைமுறை. எனவே குஞ்சு பிழைக்கக் கூடும் வேண்டும், அது வளர்ந்து தங்கக் குளிர்காலச் சதுப்புநிலமும் வேண்டும். இவற்றில் ஒன்று அழிந்தாலும் மாற்றம் நின்றுவிடும்.

நம் வகுப்பில் செய்யக்கூடியது

கருவால் மூக்கனின் வேறு துணையினங்கள் குளிர்காலத்தில் கோடியக்கரை உள்ளிட்ட நம் சதுப்புநிலங்களுக்கு வருகின்றன. அந்த இனத்துக்கு நம் மாநிலம் குளிர்கால வீடு. ஐஸ்லாந்தில் வரவு நாளைக் குறிக்கும் அதே மார்ச், ஏப்ரல் மாதங்களில் நாம் குறிக்கவேண்டியது புறப்பாட்டு நாள்.

இதற்குச் செலவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். பள்ளி வளாகம் அல்லது அருகிலுள்ள ஏரிக்கரை என ஓரிடத்தை முடிவு செய்யுங்கள். தகைவிலான், வாலாட்டிக்குருவி, நீலவால் பஞ்சுருட்டான் என எளிதில் அடையாளம் தெரியும் இரண்டு, மூன்று வலசைப் பறவைகளைத் தேர்ந்தெடுங்கள். வாரம் இருமுறை, குறித்த நேரத்தில், பதினைந்து நிமிடம் பார்த்தால் போதும். நாள், நேரம், பறவையின் பெயர், எண்ணிக்கை, பார்த்தவர் பெயர் என ஐந்து கட்டங்கள். பறவை இல்லாத நாளில் கட்டாயம் 'பூச்சியம்' என்று எழுத வைக்கவேண்டும். பூச்சியம் எழுதாத நோட்டில் 'கடைசியாகப் பார்த்த நாள்' என்பதற்குப் பொருளே இல்லை. சந்தேகமான பறவைக்கு எதிரே கேள்விக்குறி போடச் சொல்லுங்கள். ஊகித்து எழுத விடாதீர்கள்.

ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் பிப்ரவரி நடுவில் நான்கு நாள் உலகளாவிய பறவைக் கணக்கெடுப்பும் நடக்கின்றன. பிப்ரவரிக் கணக்கெடுப்பில் பள்ளி, கல்லூரி வளாகங்களும் பங்கேற்கலாம். நோட்டைத் தொடங்க அது பொருத்தமான நேரம்.

கிடைக்கும் எண்களை எட்டாம் வகுப்பினர் பட்டை வரைபடமாக வரையலாம். ஒன்பதாம் வகுப்பினர் சராசரி கண்டு, மேலே சொன்ன வருகைப் பதிவேட்டுக் கணக்கையும் செய்து பார்க்கலாம். ஆண்டு இறுதியில் நோட்டை அடுத்த வகுப்பு ஆசிரியரிடம் ஒப்படையுங்கள். ஓராண்டுக் குறிப்பில் பெரிதாக எதுவும் தெரியாது. மூன்று, நான்கு ஆண்டு சேர்ந்த பிறகு பிள்ளைகளே பக்கங்களைப் புரட்டி, 'போன வருசம் இதே வாரம் தகைவிலான் இருந்ததே, இந்த வருசம் ஏன் இல்லை?' என்று கேட்கத் தொடங்குவார்கள். பெயர் மாற்றி வேறு பள்ளிக்குப் போனாலும் அந்த நோட்டை மட்டும் அங்கேயே விட்டுச் செல்லுங்கள்.