சாவு மேளத்தை மேடையேற்றிய 19 பேர்

ஊரில் ஒரு சாவு விழுந்தால் முதலில் ஆள் அனுப்புவது பறை அடிப்பவர் வீட்டுக்குத்தான். அதே ஊர் திருவிழாவில் இன்னிசைக் கச்சேரி நடந்தால், அவர் கூட்டத்தின் ஓரத்தில் நின்று பார்ப்பார். இதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதனால்தான் 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் நடந்த நிகழ்ச்சியை நம்மால் மறக்க முடியவில்லை.

'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு முதன்முறையாக மேடையேறிய நாள் அது. இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் இணைந்து உருவாக்கிய குழு. 'சாதியில்லாத் தமிழர்' என்ற அயோத்திதாசப் பண்டிதரின் சொல்லிலிருந்தே பெயர் எடுத்தார்கள். சபாக்களில் மார்கழிக் கச்சேரிகள் களைகட்டியிருந்த அதே நாட்களில், கோட் சூட் அணிந்த 19 பேர் பறை, சட்டி, கட்ட மோளத்தோடு வந்து நின்றார்கள். பக்கத்திலேயே கிடார், டிரம்ஸ். வடசென்னையின் சாவு வீடுகளில் இரவெல்லாம் பாடப்பட்ட கானாவும், ராப்பும், ராக்கும் ஒரே பாட்டுக்குள் சேர்ந்தன. கேட்க ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள்.

அதே ஆண்டில் 'மகிழ்ச்சி' என்ற முதல் ஆல்பம் வெளிவந்தது. இவர்கள் காதலை மட்டும் பாடவில்லை. இடஒதுக்கீட்டைக் கேலி பேசுகிறவர்களுக்குப் பதிலாக 'கோட்டா', அம்பேத்கருக்காக 'ஜெய் பீம் ஆந்தம்', மாட்டுக்கறி உணவு, ஆணவக் கொலை என்று நம் வீட்டுக்குள் பேசுவதையெல்லாம் பொதுவெளியில் பாட்டாக்கினார்கள்.

ஆண்களே கோலோச்சிய கானாவில் இசைவாணியின் குரல் ஒலித்தது. 2020-ல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் அவர் இடம்பெற்றார். அதற்கான விலையையும் கொடுத்தார். கோயிலில் பெண்கள் நுழைவதைப் பற்றி அவர் பாடிய 'ஐ அம் சாரி ஐயப்பா' பாட்டுக்காகப் பல ஆண்டுகள் கழித்து, 2024-ல் அவர்மீது காவல் துறையில் புகார்கள் கொடுக்கப்பட்டன.

அரக்கோணத்துக்காரரான அறிவு இந்தக் குழுவின் வழியாகவே பரவலாக அறியப்பட்டார். 2021-ல் வெளியான 'எஞ்சாயி எஞ்சாமி' பாட்டை எழுதி, உடன் பாடியவர் அவர். அந்தப் பாட்டைச் சிறப்பித்து ஓர் ஆங்கில இசை இதழ் வெளியிட்ட அட்டையில் அவர் படம் இல்லை. இரஞ்சித் உள்ளிட்டோர் கேள்வி எழுப்பிய பிறகே அறிவுக்குத் தனி அட்டை வந்தது. உலகமே கேட்ட பாட்டுக்கே இந்த நிலை என்றால், ஊர்ப் பறைக் கலைஞரின் பெயரை யார் கேட்கப் போகிறார்கள்?

இங்கேதான் இந்தக் குழுவின் வேலை நமக்கு முக்கியமாகிறது. பறையும் சட்டியும் இழவுக்கான அடையாளம் என்ற எண்ணத்தை அவர்கள் மேடையில் உடைத்தார்கள். அடித்தவரைக் கலைஞர் என்று பெயர் சொல்லி அழைத்தார்கள். 2020 டிசம்பரில் நீலம் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' நிகழ்ச்சி அந்த மேடையை இன்னும் பல நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு விரித்தது.

மீதி வேலை நம் ஊர்களில் இருக்கிறது. அடுத்த திருவிழா நோட்டீஸில் பறைக் கலைஞரின் பெயரும் அச்சாக வேண்டும். கச்சேரிக்காரருக்குப் பேசுவதுபோல அவருக்கும் முன்பே சம்பளம் பேசி, கையில் கொடுக்க வேண்டும். சாவுக்கு அடிக்க மாட்டேன் என்று அவர் சொன்னால், அந்த வீட்டை யாரும் மிரட்டக் கூடாது. கீழ்ப்பாக்கத்தில் அன்று கேட்ட சத்தம் நம் தெருவுக்கு வந்து சேர்ந்ததா என்பதை அன்றைக்குத்தான் சொல்ல முடியும்.