ரேடியோவில் கேட்ட ரெக்கார்ட் வேண்டுமா? எண்ணைப் பிடியுங்கள்!

எந்தப் பாட்டையும் இன்று இரண்டு கிளிக்கில் கேட்டுவிடலாம். ஆனால், "ரேடியோவில் அன்று சுழன்ற அதே ரெக்கார்ட்தான் வேண்டும்" என்று தேடுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு உங்கள் கம்ப்யூட்டர் பெரிய துணை.

இதற்கு உலகப் புகழ் பெற்ற உதாரணம் ஜான் பீல். 1967 முதல் 2004ல் இறக்கும் வரை பி.பி.சி. ரேடியோ 1ல் டி.ஜே.யாக இருந்தவர். அவரிடம் சுமார் 26,000 எல்.பி.க்களும் 40,000 சிங்கிள்களும் இருந்தன. மிகவும் பிடித்த 140க்கும் மேற்பட்ட சிங்கிள்களை மட்டும் ஒரு மரப்பெட்டியில் தனியே வைத்திருந்தார். 2005ல் அந்தப் பெட்டியைப் பற்றி ஆவணப்படம் வந்தது. உள்ளே இருந்தவற்றின் பட்டியல் வெளியாக, ரசிகர்கள் ஒவ்வொன்றாகத் தேடினார்கள். எல்.பி.க்களுக்கு எண் கொடுத்து, விவரங்களை அட்டையில் டைப் செய்து வைப்பது பீலின் வழக்கம்.

நம் ஊரில் இந்த ஆசையை வளர்த்தது இலங்கை வானொலி. அகில இந்திய வானொலி 1952ல் சினிமாப் பாடல்களை ஒதுக்கியபோது, நேயர்கள் கொழும்புப் பக்கம் முள்ளைத் திருப்பினார்கள். மயில்வாகனன், பின்னாளில் கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீது என அறிவிப்பாளர்களின் குரலோடு பாட்டையும் நினைவில் வைத்திருப்பவர்கள் திருச்சி வட்டாரத்தில் இன்றும் உண்டு.

மண்ணச்சநல்லூரில் எங்கள் தெருப் பெரியவர் அப்படிப்பட்டவர். ஒரு சினிமா இ.பி. ரெக்கார்டைப் பல வருடங்களாகத் தேடினார். ஒரு வியாபாரியிடம் பணம் அனுப்பி வாங்கினார். உறை சரியாக இருந்தது. உள்ளே வேறு படத்தின் தட்டு! பணம் திரும்பவில்லை. "தம்பி, இந்தக் கம்ப்யூட்டரில் ஏதாவது வழி இருக்கா?" என்று என்னிடம் வந்தார். இருந்தது. அந்த வழி இதுதான்.

1. படத்தின் பெயரை மட்டும் வைத்துத் தேட வேண்டாம். ரெக்கார்டின் நடுவில் ஒட்டிய லேபிளில் எழுத்தும் எண்ணும் கலந்த கேட்டலாக் எண் இருக்கும். அதுதான் அதன் அடையாளம். டிஸ்காக்ஸ் தளத்தில் படப் பெயரைக் கொடுத்து எண்ணைக் கண்டுபிடித்து, பிறகு அந்த எண்ணைக் கொண்டே விற்பவர்களைத் தேடிடவும்.

2. பணம் அனுப்பும் முன் உறையின் படம் போதாது. இரண்டு பக்க லேபிள்களின் போட்டோவையும் கேட்டு வாங்கவும். பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் முன் உள்ள வெற்று வளையத்திலும் எண் பொறித்திருக்கும். அதையும் கேட்கலாம்.

3. கையில் உள்ளவற்றை எக்ஸெல்லில் பட்டியலிடவும். எண், படம், பாடகர், நிலை என நான்கு காலம் போதும். பட்டியல் இல்லாத தொகுப்பு, உரியவர் காலத்துக்குப் பின் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும்.

4. கிடைத்த ரெக்கார்டைக் கம்ப்யூட்டரில் பதிந்து வைக்கவும். யு.எஸ்.பி. வசதியுள்ள டர்ன்டேபிள் இருந்தால் சுலபம். பழைய டர்ன்டேபிள் என்றால் இடையில் போனோ ப்ரீ ஆம்ப்ளிஃபயர் தேவை. மைக் துளையில் நேரடியாகச் செருக வேண்டாம். இலவச ஆடாசிட்டி சாப்ட்வேரில் 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ எனத் தேர்ந்தெடுத்துப் பதியவும். வேவ் பைல் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்.பி. பிடிக்கும். 14 நிமிட இ.பி. என்றால் 140 எம்.பி. பிளாக் பைலாக மாற்றினால் தரம் குறையாமல் இடம் மிச்சமாகும். கரகரப்பை நீக்கும் முன் மூலப் பைலுக்கு ஒரு காப்பி எடுத்திடவும்.

ஒரு எச்சரிக்கை. இந்தியாவில் ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டுக் காப்புரிமை உண்டு. பாடல் வரிக்கும் மெட்டுக்கும் உரிமை தனி. எனவே பதிந்ததை இன்டர்நெட்டில் ஏற்றாமல் வீட்டில் கேட்டு மகிழுங்கள்.

பெரியவருக்கு அவர் தேடிய இ.பி. இரண்டு மாதத்தில் கிடைத்தது. லேபிளைப் பார்த்த பிறகே பணம் அனுப்பினோம். அவருடைய மற்ற 60 ரெக்கார்டுகளும் இப்போது எக்ஸெல் பைலில் இருக்கின்றன. உங்கள் வீட்டுப் பரணில் ரெக்கார்டுகள் கிடந்தால், அவற்றை வாங்கியவர் அருகில் இருக்கும்போதே பட்டியலைத் தொடங்கிடுங்கள்.